எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்?

2023 சித்திரைத் திருவிழாவின்போது மதுரை ராமராயர் மண்டபத்துப் பக்கம், கழுத்தில் ஒன்றேகால் கிலோ டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தேன். 18-140 மி.மீ. ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற நேர்த்திக்கடன்காரர்கள் தோப்பறையை (தண்ணீர் நிரப்பிய தோல் பை) அக்குளில் இடுக்கிக்கொண்டு அமுக்க, அது அழகர் மேல் பட்டதோ இல்லையோ, எங்கள் எல்லோர் மேலும் பட்டது. அந்த வெயிலுக்கு எனக்குச் சந்தோஷம்தான். லென்ஸுக்கு இல்லை. ஜூம் திருகும்போது லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் இல்லையா, அந்தப் போக்குவரத்தில் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஊர் திரும்பிப் பார்த்தால் உள்கண்ணாடியில் மார்கழிப் பனி மாதிரி மூட்டம். மூன்று மாதத்தில் ஓரத்தில் பூஞ்சை, சிலந்தி வலை போல.

லென்ஸ் போனதைவிட வேறு ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. அப்பா தோளில் உட்கார்ந்தபடியே, அப்பாவின் தலையைத் தலையணையாக்கிக்கொண்டு ஒரு குழந்தை அந்த இரைச்சலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கையில் பாதி தின்ற வெள்ளரிப் பிஞ்சு. கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பி, "எந்த டிவி தம்பி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவர் குடும்பத்து ஏழு பேரும் வரிசையில் நின்றுவிட்டார்கள், குழந்தையையும் எழுப்பிவிட்டார்கள். ஏழு பேரும் பல் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நல்ல படம்தான், வாட்ஸப்பில் அனுப்பியும் வைத்தேன். ஆனால் நான் எடுக்க நினைத்தது அதை இல்லை.

சரி, யார் கண்ணையும் இழுக்காத சின்னக் கேமரா ஒன்று வாங்கிவிடுவது என்று அன்றைக்கு ரயிலிலேயே முடிவு செய்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் யூடியூபில் ரிவ்யூ பார்த்தே போனது. பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. ஒருவர் சென்சார் என்கிறார், ஒருவர் கலர் என்கிறார், எந்த வீடியோவைப் பார்த்தாலும் அதில் இருக்கிற கேமராவை உடனே வாங்கவேண்டும் போல இருக்கிறது. கடைசியில் எங்கள் ஏரியாவில் முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும், நீ ஆளுக்கு எத்தனை அடி தள்ளி நின்னு எடுக்குறவன்?"

தெரியவில்லை. பத்து வருடமாகப் படம் எடுக்கிறேன், அது மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தோண்டினேன். கம்ப்யூட்டரில் எந்தப் படத்தையும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், எந்த ஃபோகல் லெங்த்தில் எடுத்தது என்று மி.மீ. கணக்கில் இருக்கும். எண் சின்னதானால் அகலமாக விழும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எனக்கே பிடித்து, பிரிண்ட் போட்டோ யாருக்காவது அனுப்பியோ வைத்திருந்த நூற்றுச்சொச்சம் படங்களை மட்டும் எடுத்து ஒரு ராத்திரி உட்கார்ந்து குறித்துப் பார்த்தேன். முக்கால்வாசி 18-லிருந்து 25-க்குள். 140-ல் எடுத்தவை ஹார்ட் டிஸ்க்கில் ஏராளம், ஆனால் பிடித்த படங்களின் வரிசையில் இரண்டே இரண்டு. தூரத்தில் ஒளிந்துகொண்டு எடுத்ததெல்லாம் முதுகும் காதுமாகவே இருந்தது. அதாவது கழுத்து வலிக்க நான் சுமந்த லென்ஸில் பெரும்பகுதியை நான் பயன்படுத்தவே இல்லை.

அந்தக் கேமராவின் சென்சாரில் (ஃபிலிம் இருந்த இடத்தில் வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லு) 18 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய 28 மி.மீ. (கேமராக்காரர்கள் எல்லாவற்றையும் ஃபுல் ஃபிரேமுக்கு, அதாவது பழைய ஃபிலிம் சைஸ் சென்சாருக்கு, மாற்றித்தான் பேசுவார்கள், இனி நானும் அப்படியே.) இது அடியில் எவ்வளவு என்பதுதான் அண்ணன் கேட்ட கேள்வி. ஒரு தள்ளுவண்டியும் அதன் பின்னால் நிற்கிறவரும் ஃபிரேமுக்குள் அடங்குவதற்கு 28-ல் 6 அடி தள்ளி நின்றால் போதும் என்று வையுங்கள். அதே அளவு 35-ல் கிடைக்க ஏழரை அடி, 40-ல் எட்டரை, 50-ல் பதினோரு அடி போகவேண்டும். காகிதத்தில் பார்த்தால் நாலைந்து அடிதானே என்று தோன்றும். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் 11 அடி தள்ளி நின்று பாருங்கள், நடுவில் இரண்டு டூவீலர், ஒரு மீன்பாடி வண்டி, ஒரு மாடு, எல்லாம் போய்விட்டு வரும். பின்னால் போகலாம் என்றால் முதுகில் சுவர் இடிக்கும். நம் ஊர்த் தெருக்கள் 28-க்கும் 35-க்கும் கட்டியவை என்பது என் கட்சி. கடற்கரைப் பக்கம், திடல், சந்தை என்று அகலமான இடங்களில் எடுக்கிறவருக்கு, அல்லது ஆளை நெருங்க உண்மையிலேயே கூச்சப்படுகிறவருக்கு, 40-ம் 50-ம் சரிப்படும். கூச்சம் ஒன்றும் தப்பில்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸோடுதான் அலைந்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் அவர். தன் லைக்கா கேமராவின் பளபளப்பு கண்ணில் படக்கூடாதென்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார். "எந்த டிவி?" என்று அவரையும் யாரோ கேட்டிருக்கவேண்டும், டிவி என்ற சொல் மட்டும் இருந்திருக்காது.

ஃபோகல் லெங்த் முடிவானதும் பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது. பாக்கெட்டில் போகவேண்டும், போனைவிடப் பெரிய சென்சார் வேண்டும், 28-க்கோ 35-க்கோ பக்கத்தில் இருக்கவேண்டும். மூன்றுதான் தேறின. மூன்றையும் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

முதலில் சோனி ஆர்எக்ஸ்100. நண்பனிடம் மூன்றாம் மாடல் இருந்தது, 2014-ல் வந்தது. 24-70 ஜூம், 290 கிராம், மேலே ஒரு குட்டி வியூஃபைண்டர் பொம்மைப் பெட்டி மாதிரி எகிறி வரும். ஊர் சுற்ற இதைவிட வசதியான ஒன்று கிடையாது என்று இப்போதும் சொல்வேன். குடும்பத்தோடு போகிறவர், கோபுரமும் வேண்டும், குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுவதும் வேண்டும், மலையும் வேண்டும் என்கிறவர், யோசிக்காமல் இந்த வரிசையில் ஒன்றை வாங்கிவிடலாம். 2019-ல் வந்த ஏழாவது மாடலில் 24-லிருந்து 200 வரை போகும், அதுவும் 302 கிராமில். எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், விடிகாலை நாலு மணிக்குக் கோயம்பேடு பூ மார்க்கெட். குண்டு பல்பு வெளிச்சத்தில் சாமந்தி மூட்டையைக் கொட்டுகிற கையை எடுத்தால் மஞ்சளெல்லாம் கசகசவென்று மணல் தூவியது மாதிரி வந்தது. அதன் ஒரு இஞ்ச் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ. பெரிய கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி வகை சென்சார் 23.5-க்கு 15.6. பெருக்கிப் பாருங்கள், மூன்று மடங்குக்கும் மேல். பகலில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ராத்திரியில்தான் தெரியும். அப்புறம், ஜூம் கையில் இருந்தால் நான் மறுபடியும் தூரத்தில் நின்றுகொள்வேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அடுத்தது ஃபூஜி எக்ஸ்100வி. சனி, ஞாயிறு இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். 35 மி.மீ., எஃப் 2 (இந்த எஃப் எண் சின்னதானால் லென்ஸ் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம்). இதைப் பற்றி நியாயமாகப் பேசுவது கஷ்டம், ஏனென்றால் அழகாக இருக்கிறது. மேலே ஷட்டர் ஸ்பீடுக்கு ஒரு டயல், லென்ஸைச் சுற்றி அபெர்ச்சருக்கு, அதாவது அந்தத் துவாரத்துக்கு, ஒரு வளையம், கண்ணை வைத்துப் பார்க்க நிஜக் கண்ணாடி வியூஃபைண்டர். அதற்குள் ஒரு கட்டம் மிதக்கும், கட்டத்துக்கு வெளியேயும் தெரு தெரியும். ஆகவே ஃபிரேமுக்குள் நுழையப்போகிற சைக்கிளை முன்கூட்டியே பார்த்துவிடலாம். இந்த ஒன்றுக்காகவே கொடுக்கலாம் காசு. திருவல்லிக்கேணியில் ஒரு டீக்கடை வாசலில் இதை வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு தாத்தா வந்து, "ஃபிலிம் இன்னும் கிடைக்குதாப்பா?" என்று கேட்டார். டிஜிட்டல் என்று காட்டியும் நம்பவில்லை, பின்பக்க மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். அரை மணி நேரம் அவருடைய ஐசோலி கேமராவைப் பற்றிப் பேசிவிட்டு, டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். நல்ல அனுபவம். ஆனால் யாரும் கவனிக்காத கேமராதானே நான் தேடியது?

விலை இன்னொரு கதை. சோஷியல் மீடியாவில் பிரபலமாகி, புதிது கிடைக்காமல், பழையது புதிதைவிட அதிக விலைக்குப் போன கூத்தெல்லாம் நடந்தது. 2024-ல் வந்த எக்ஸ்100-VI-க்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகிறது. 40 மெகாபிக்சல், கை நடுக்கத்துக்கு ஸ்டெபிலைசேஷன் எல்லாம் உண்டு, 521 கிராம். அரைக் கிலோ என்பது பேன்ட் பாக்கெட்டுக்கு ஆகாது, ஒரு பையோ தோள்பட்டையோ வேண்டும். பையோடு போனால் பையில் இருக்கும், எடுப்பதற்குள் குழந்தை எழுந்துவிடும்.

மூன்றாவது ரிக்கோ ஜிஆர் III. பார்க்க ஒன்றுமே இல்லை. கறுப்பாக, சோப்பு டப்பா மாதிரி. ஜூம் இல்லை, ஃபிளாஷ் இல்லை, வியூஃபைண்டர் இல்லை, திரை மடங்காது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். உள்ளே இருப்பது பெரிய கேமராக்களில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி சென்சார், 28 மி.மீ., எஃப் 2.8. சட்டைப் பாக்கெட்டில் போட்டால் சட்டை தொங்கும், பேன்ட் பாக்கெட்டில் போட்டால் மறந்துவிடலாம். ஜப்பானில் தெருப் படங்களுக்குப் பெயர்போன டைடோ மோரியாமா ஃபிலிம் காலத்திலிருந்தே இந்த ஜிஆர் வரிசையை ஒற்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவர்.

இதில் என்னைக் கவிழ்த்தது ஸ்னாப் ஃபோகஸ் என்கிற ஒரு சமாச்சாரம். ஃபோகஸை ஒரு தூரத்தில் முன்னமே பூட்டி வைத்துவிடலாம்: 1 மீட்டர், ஒன்றரை, 2, இரண்டரை, 5 என்று. ஷட்டரை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்காது, அந்தத் தூரத்துக்குப் போய் உடனே எடுத்துவிடும். நான் 2 மீட்டரில் வைத்திருக்கிறேன், அதாவது அந்த ஆறு அடிதான், கொஞ்சம் கூட. துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-ல் வைத்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாம் தெளிவாக விழும். வெளிச்சம் குறைந்து எஃப் 5.6-க்கு வந்தால் நாலடியிலிருந்து இருபது அடி வரை, அதுவும் போதும். ஷட்டர் ஒரு செகண்டில் 500-ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டுகிற உணர்வு) ஆட்டோ. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ நூறு, இருநூறில் நிற்கும், பந்தல் நிழலுக்குள் போனால் ஆயிரத்தைத் தாண்டும், தாண்டட்டும். இதற்குப் பழகக் கைக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆறு அடி எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியவேண்டும் இல்லையா, அதற்காக வீட்டு வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு நின்று நின்று பார்த்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை, கோட்டை அழித்துவிட்டுக் கோலம் போட்டுவிட்டார்.

குறை இல்லாமலா? நிறைய இருக்கிறது. ஒரு சார்ஜுக்கு 200 படம் என்பதுதான் கம்பெனி சொல்கிற கணக்கு, ஆகவே இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்கித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் டைப்-சி பவர் பேங்க். பதினோரு மணிக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். அதனால் நான் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், குத்துமதிப்பாகத் தூக்கி அடிப்பது, பத்தில் மூன்று கோணலாக வரும். தண்ணீர், தூசி இரண்டுக்கும் பாதுகாப்பு கிடையாது. லென்ஸ் உள்ளே வெளியே போய் வரும்போது சென்சாரில் தூசி ஒட்டிக்கொள்ளும் என்பது இந்த வரிசைக்கு ஊரறிந்த பெயர், லென்ஸைக் கழற்ற முடியாததால் பிரித்துத்தான் துடைக்கவேண்டும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்து மேல்தளத்துச் சிற்பம் வேண்டும் என்றால் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் போனில் இருக்கிற, தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி லென்ஸை எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் போனே போதாதா என்று கேட்பீர்கள். போதும். பெரும்பாலோருக்குப் போதும், இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போனில் எனக்கு இருக்கிற சிக்கல் படத்தில் இல்லை. இப்போதெல்லாம் போனை நீட்டினாலே ரீல்ஸ் எடுக்கிறான் என்று ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அல்லது டான்ஸ் ஆடுகிறார்கள். இன்னொன்று, போனை வெளியே எடுத்தால் நான் படம் எடுப்பதற்கு முன்னால் ஆபீஸ் மெசேஜைப் பார்த்துவிடுகிறேன்.

ஜிஆர் III-ஐப் புதிதாக வாங்கவில்லை. அண்ணா நகரில் ஒரு பையன் விற்பதாகப் போட்டிருந்தான், 58 ஆயிரத்துக்கு முடிந்தது. பழையது வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், இந்த மாதிரி லென்ஸ் பிரியாத கேமரா எதுவானாலும் சரி: மொட்டை மாடிக்குப் போங்கள், எஃப் 16-ல் வைத்து வெறும் வானத்தைப் படம் எடுங்கள், அதைத் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது தூசி. அதற்கப்புறம் ஆன், ஆஃப் ஒரு இருபது தடவை போட்டு லென்ஸ் தடுமாறாமல் வருகிறதா என்று பாருங்கள். நான் மாடியில் இதைச் செய்துகொண்டிருந்தபோது அந்தப் பையனின் அம்மா காபி கொண்டுவந்தார். காபி குடித்தபிறகு பேரம் பேசக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது உண்மை, இரண்டாயிரம் விட்டுப்போயிற்று.

இதோடு முதல் தடவை மதுரைக்கு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகும்போது தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன், கொடைக்கானல் ரோட்டில் முழிப்பு வந்ததும் கதவோரம் போய் நின்று டீக்காரரை எடுத்தேன். ஸ்டீல் கேனிலிருந்து காகிதக் கப்புக்கு டீ விழுகிற கோடு, பின்னால் பிளாட்பாரத்து டியூப்லைட், ஆவிக்குள் அவர் முகம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கப்பை நீட்டி "பத்து ரூபா" என்றார். ஆறு அடிகூட இல்லை, நாலடி.

அதற்காக ஒளிந்து எடுப்பதும் இல்லை. சின்னக் கேமரா வந்தபிறகு நான் முன்னைவிட அதிகமாகக் கேட்கிறேன், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று. எடுத்துவிட்டு உடனே காட்டினால், வேண்டாம் என்றவர்கள்கூட அடுத்த வாரம் கூப்பிட்டு நிற்கிறார்கள். வேண்டாம் என்றால் எதிரிலேயே அழித்துவிடுவது, அதில் பேச்சே இல்லை. பல கோயில்களுக்குள் எந்தக் கேமராவும் செல்லாது. மீனாட்சி அம்மன் கோயிலில் போனையே வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சின்னதுதானே என்று பாக்கெட்டோடு உள்ளே போய்விடாதீர்கள், சோதிக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டு விழிக்க வேண்டியிருக்கும்.

பூஞ்சை விஷயம் பாடமாகிவிட்டது. சென்னை ஈரக்காற்றில் கேமராவைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால் அது ஊறுகாய் மாதிரி ஊறும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான், இருநூறு ரூபாய் விஷயம். லாட்ஜில் ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும். ஜிப் கவரில் போட்டபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். துணியால் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, திரும்பத் திரும்பப் படியும்.

இதே உடம்பில் 40 மி.மீ. வைத்து 2021-ல் ஜிஆர் IIIx என்று ஒன்று வந்தது. 2025-ல் ஜிஆர் IV வந்துவிட்டது. உள்ளேயே 53 ஜிபி மெமரி இருக்கிறதாம், கார்டை வீட்டில் மறந்துவைத்துவிட்டுப் போகிற என் மாதிரி ஆளுக்கு ஆசை வராமல் இல்லை. ஆசைதான், வாங்கவில்லை. சாக்பீஸ் கோட்டுக்கு மறுபடியும் யார் அனுமதி வாங்குவது.

போன மாதம் சித்தி மகள் கல்யாணம், விருதுநகரில். "நம்ம வீட்டுக் கேமராமேன் வந்தாச்சு" என்று பெரியப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார், பாக்கெட்டிலிருந்து இதை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பெரிய கேமரா எங்கடா, வித்துட்டியா? கஷ்டமா ஏதும்?" என்று தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார். இல்லை பெரியப்பா, இதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது என்று ஸ்னாப் ஃபோகஸ் வரைக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்தார். "சரி சரி, தாலி கட்டும்போது இதுலயே எடு."